ராகு காலத்தில் கனகத்தின் கதை

பதினான்காம் அத்தியாயம்

முன்கதை தெரிந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். தெரியாதவர்களுக்கு நாலு வரி.

என் அக்கா சிவனம்மாளை நிலக்கோட்டைப் பக்கம் ஒரு பூத்தோட்டக்காரர் வீட்டில் கட்டிக்கொடுத்தோம். பையன் பிறந்தான். தவழ ஆரம்பித்த மாதம் காய்ச்சல் கண்டு ஒரே ராத்திரியில் போய்விட்டான். அன்றைக்கு அவள் புருஷன் பொம்மையன் வீட்டில் இல்லை. மல்லிகை ஏற்றிய வண்டியோடு மதுரைக்குப் போயிருந்தான். விடிந்து வந்து குழந்தையைப் பார்த்தவன், கூடியிருந்த அத்தனை பேர் முன்னாலும் அவளிடம் சொன்னது இவ்வளவுதான்: "நீ ஒழுங்காப் பாத்திருந்தா போயிருக்க மாட்டான்."

அதன்பிறகு அவள் ஒரு டிரங்குப் பெட்டியோடு திண்டுக்கல்லுக்கு வந்துவிட்டாள். இரண்டு வருஷம் ஓடிவிட்டது. இந்த வெள்ளிக்கிழமை அவளைத் திரும்ப அழைத்துப்போக வருவதாகப் போன வாரம் தாக்கல் வந்தது.

அவளை அனுப்பக் கூடாது என்பது என் கட்சி. அனுப்பியே தீரவேண்டும் என்பது அய்யாவின் கட்சி. ஆத்தா காலையில் ஒரு கட்சி, விளக்கு வைத்தபிறகு வேறு கட்சி. அக்கா எந்தக் கட்சி என்று யாரும் கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது.

ஆத்தா விடியற்காலையிலேயே அடுப்பை மூட்டிவிட்டாள். வெள்ளிக்கிழமை என்பதால் வீட்டுக் கோழி தப்பித்தது. அதற்குப் பதிலாக மூன்று வகை வெஞ்சனம், பருப்பு, பாயசம். மகளைப் பழி சொல்லித் துரத்தியவர்களுக்குப் பாயசம்! நான் தேங்காயைத் திருகுகிற வேகத்தைப் பார்த்து ஆத்தா தேங்காய் மூடியை என் கையிலிருந்து பிடுங்கிக்கொண்டாள்.

"கைய அறுத்துக்காத. நீ வாயால அறுக்கறது போதும்."

அய்யா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டு உள்ளே வந்தார். புகையிலைக் கிடங்கை எங்கள் பக்கம் கிட்டங்கி என்போம். அங்கே சிப்பம் சிப்பமாகப் புகையிலை ஏற்றும் வண்டி அவருடையது. இன்றைக்கு வண்டி கட்டவில்லை. சலவைச் சட்டை.

"என்னங்கய்யா, அவங்க வந்து கூப்புட்டதும் பெட்டியத் தூக்கிக் குடுத்துருவீங்களா?"

"பி.ஏ. படிச்ச வாயி செத்த நேரம் மூடி இருக்கட்டும்."

"பி.ஏ. படிக்க வச்சது மூடி வைக்கவா?"

"ஏ முத்துப்பேச்சி, ஒம்மக பேசறதக் கேட்டியா? இவ கேக்கற கேள்விக்குத்தான் ஒருத்தனும் பொண்ணு பாக்க வர மாட்டேங்கறான்."

"வந்தா அவனையும் கேப்பேன்."

அக்கா கொல்லையில் குளித்துவிட்டு வந்து தலையை உலர்த்திக்கொண்டிருந்தாள். எங்கள் சத்தம் அவள் காதில் விழுந்த மாதிரியே தெரியவில்லை. என்னைச் செல்லப் பெயரில் கூப்பிட்டு அவள் கேட்டது வேறு.

"மூக்கு, மதுரை பஸ்ஸு வந்துருக்குமா?"

"பதினோரு மணி ஆகும்க்கா."

"புஸ்தகம் வாங்கியாந்துரு. மறந்துறாத."

இந்த வாரம் அந்தப் புஸ்தகம் வராமல் இருந்தாலே தேவலை என்று நினைத்தேன். ஏன் என்று சொல்ல வேண்டுமானால் கனகத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

'மணிக்கூண்டுத் தெரு' என்று வாரப் பத்திரிகையில் ஒரு தொடர்கதை வருகிறது. வருஷக் கணக்காக வருகிறது. மருதங்குடி என்று ஒரு சின்ன ஊர். அதில் ஓடாத கடிகாரத்தோடு ஒரு மணிக்கூண்டு. அதைச் சுற்றி வீடுகள். ஒரு வீட்டில் மனசு உடைந்த ஒருத்தியோ ஒருத்தனோ இருப்பார்கள். அவர்கள் மெல்ல மெல்லத் தேறி, ஒரு துணையைத் தேடிக்கொண்டதும் அந்தக் கதை முடியும். அடுத்த வாரம் அடுத்த வீட்டில் ஆரம்பிக்கும். எழுதுகிறவர் பெயருக்குப் பதிலாக இரண்டு இனிஷியல்தான் இருக்கும். ஆணா பெண்ணா என்பதில் கிட்டங்கியில் இரண்டு கட்சி.

காலேஜில் இருந்தபோது இந்தக் கதையை நான் கிண்டல் செய்தவள். இப்போதும் குறை சொல்ல நிறைய இருக்கிறது. யார் அழுதாலும் மருதங்குடியில் மழை பெய்யும். அந்த மழையில் பாதி எங்கள் தாலுகாவில் பெய்திருந்தால் நாங்கள் ஏன் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைகிறோம்?

ஆனால் ஒன்று. இந்த மனுஷர் அவசரப்படுவதில்லை. மற்றக் கதைகளில் நெஞ்சு வெடித்து விழுந்தவள் மூன்றாம் வாரம் பாட்டுப் பாடிக்கொண்டு பூப்பறிப்பாள். கனகம் அப்படியில்லை. புருஷன் கொழும்புக்குப் போய்த் தகவலே இல்லாமல் தொலைந்துவிட்டான். அவனுடைய தாயை வைத்துக் காப்பாற்றி, அந்தத் தாய் செத்தபோது தனியாகவே எடுத்துப் போட்டவள் கனகம். அவள் ஒரு முழு மழைக்காலம் கண்ணாடியைப் பார்க்கவில்லை. எழுத்தாளரும் அவளைப் பார்க்கச் சொல்லி வற்புறுத்தவில்லை. பிறகு ஒரு வாரம், வேறு எதுவும் நடக்காத ஒரு அத்தியாயத்தில், கனகம் தலை வாரிக்கொண்டாள். அவ்வளவுதான் கதை. கிட்டங்கியில் பெண்கள் கைதட்டினார்கள்.

வந்த புதிதில் அக்கா யாரோடும் பேசமாட்டாள். வீட்டில் சும்மா இருக்க முடியவில்லை என்று கிட்டங்கியில் புகையிலைக் காம்பு கிழிக்கும் வேலைக்குப் போனாள். நான் அய்யாவுக்குச் சோறு கொண்டு போவேன். மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பெண்கள் புஸ்தகத்தை என்னிடம் நீட்டினார்கள். படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தி. காரம் ஏறித் தும்மிக்கொண்டே வாசித்தேன், தும்மிக்கொண்டே கேட்டார்கள்.

ஒருநாள் கனகம் செத்துப்போன மாமியாரின் படத்தின் முன்னால் நின்று மன்னிப்புக் கேட்கிறாள். "நான் இன்னும் நன்றாகப் பார்த்திருக்கலாம் அம்மா" என்று.

"அவ எதுக்கு மன்னிப்புக் கேக்கணும்?" என்று ஒரு குரல்.

அக்கா! பல மாதங்களுக்குப் பிறகு அவள் தானாகப் பேசிய வாக்கியம். ஒரு பெண்ணும் திரும்பிப் பார்க்கவில்லை. திரும்பினால் நின்றுவிடும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவளோடு காம்பு கிழிக்கும் வியாகுலம் அக்கா மட்டும் புகையிலையைப் பார்த்துக்கொண்டே பதில் சொன்னாள்.

"கேக்க வேண்டாந்தான். அதச் சொல்ல அவகிட்ட ஆள் வேணும்ல?"

அன்றிலிருந்து அக்கா பேசினாள். கனகத்தைப் பற்றி மட்டும். கனகத்துக்குத் தூக்கம் வராது. கனகத்துக்குச் சோறு இறங்காது. கனகத்துக்கு ராத்திரியில் யாரோ அழுகிற மாதிரி இருக்கும், எழுந்து தொட்டிலைத் தேடுவாள் என்றாள் ஒருநாள். கனகத்தின் கதையில் தொட்டிலே கிடையாது. நான் வாயைத் திறக்கவில்லை. வாழ்க்கையில் நான் வாயைத் திறக்காத நாட்கள் குறைவு.

அதனால்தான் அந்த இனிஷியல்காரர் மேல் எனக்கு மரியாதை. டாக்டராலும் பூசாரியாலும் எங்கள் அய்யாவாலும் ஆகாததை, ஊர் பேர் தெரியாத அவர் வாரம் நாலு பக்கத்தில் செய்தார்.

ஆனால் போன வாரம் என்ன எழுதினார் தெரியுமா? கொழும்பிலிருந்து அந்தப் புருஷன் திரும்பி வந்து கனகத்தின் வாசலில் நிற்கிறான். "என்னோடு வருவாயா?" என்று கேட்கிறான். அதோடு தொடரும் போட்டுவிட்டார்.

அதே வாரம் நிலக்கோட்டையிலிருந்து எங்களுக்குத் தாக்கல்.

அவர்கள் வந்தபோது பத்து தாண்டிவிட்டது. பெருமாள்சாமி மாமா, அதாவது அக்காவின் மாமனார், வேர்க்க விறுவிறுக்க முன்னால் வந்தார். கையில் தாம்பாளம்: தேங்காய், பழம், சின்னாளப்பட்டிச் சேலை, பந்தாகச் சுருட்டிய மல்லிகை. பின்னால் பொம்மையன். ஆள் பாதியாக இளைத்திருந்தான். எனக்கு இரக்கம் வரவில்லை என்று எழுதினால் பொய்; கொஞ்சம் வந்தது, அதை மிதித்துவிட்டேன்.

"சின்னாளப்பட்டி தாண்டுனதும் டயரு வெடிச்சுருச்சு சம்மந்தி. இன்னும் செத்த நேரத்துல ராகு காலம் பொறந்துரும். பத்தரைக்குள்ள பேச்ச முடிச்சுப்புட்டோம்னா சாப்புட்டுக் கெளம்பிரலாம்."

"பேச என்ன இருக்கு சம்மந்தி? ஒங்க வீட்டுப் புள்ள" என்றார் அய்யா.

"நெறையா இருக்கு" என்றேன் நான்.

"இது யாரு, சின்னதா? காலேசு முடிச்சுருச்சா?" என்று மாமா சிரித்தார். "ஏத்தா, படிச்ச புள்ள நீயே சொல்லு. புருஷன் பொண்டாட்டின்னா ஒரு வார்த்தை முன்ன பின்ன வரும். அதுக்குன்னு ரெண்டு வருஷமா?"

"அந்த ஒரு வார்த்தை என்னன்னு ஒங்களுக்கு ஞாபகம் இருக்கா மாமா?"

அவர் சிரிப்பு போய்விட்டது. பொம்மையன் தரையைப் பார்த்தான். அய்யா என்னை அடிக்கிற மாதிரி பார்த்தார்.

அப்போது அக்கா உள்ளேயிருந்து வந்தாள். வந்தவர்களுக்குத் தண்ணீர்ச் செம்பை வைத்தாள்.

"வாங்க மாமா" என்றாள். பொம்மையனைப் பார்த்து, "வாங்க" என்றாள். பிறகு சொன்னாள்: "இன்னிக்குப் புஸ்தகம் வர்ற நாளு. அதக் கேட்டுட்டுத்தான் நான் பதில் சொல்லுவேன்."

"என்ன புஸ்தகம்? பஞ்சாங்கமா?"

"கதைப் புஸ்தகம் மாமா."

அய்யா துள்ளி எழுந்தார். "ஏண்டி, ஒனக்குப் புத்தி கித்தி பெரண்டு போச்சா? வாழ்க்கையக் கதைப் புஸ்தகத்துல பாத்தா முடிவு பண்ணுவாக?"

"இம்புட்டு நாளா நீங்க எத வச்சு முடிவு பண்ணீங்கன்னு நான் கேட்டனாய்யா?"

அவள் குரலை உயர்த்தவில்லை. அய்யா விசிறியை எடுத்துக்கொண்டு திரும்ப உட்கார்ந்துவிட்டார். பெருமாள்சாமி மாமா மணிக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். முகம் சுருங்கிற்று.

"போச்சு. பொறந்துருச்சு."

ராகு காலம். இனி பன்னிரண்டு வரைக்கும் நல்ல காரியம் பேசக்கூடாது. அழைத்துப்போக வந்தவரே தன் வாயை மூடிக்கொண்டார். இந்த நாட்டில் பெண்ணின் சொல்லுக்கு இல்லாத மதிப்பு ராகுவுக்கு இருக்கிறது. அன்றைக்கு ஒருநாள் அவர் எங்களுக்கு உதவட்டும் என்று நான் பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன்.

நூர் முகமது அண்ணனின் பத்திரிகைக் கடையில், மதுரை பஸ்ஸில் வந்த கட்டை அப்போதுதான் பிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"வா பாப்பா. எங்க இன்னும் காணோமேன்னு பாத்தேன்."

நான் அங்கேயே நின்று புரட்டினேன்.

"சொல்லிறாத, சொல்லிறாத! நான் இன்னும் படிக்கல" என்று அண்ணன் காதைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு கையை எடுத்தார். "கனகம் போறாளா?"

"போறா."

"அடப்பாவி!"

அவர் எழுத்தாளரைத் திட்டினாரா என்னைத் திட்டினாரா என்று தெரியவில்லை. கனகம் பெட்டியை எடுத்துக்கொண்டு அவனோடு பஸ் ஏறிவிட்டாள். கடைசி வரியில் மழை வேறு. எனக்குக் காது சூடேறிவிட்டது. இத்தனை காலம் ஒரு பெண்ணை எழுப்பி நிற்க வைத்தீர்களே ஐயா, அவனோடு அனுப்பத்தானா?

நடந்துகொண்டே யோசித்தேன். வாசிக்கப்போவது நான். கனகம் கதவைச் சாத்திவிட்டாள் என்று மாற்றி வாசித்தால் கேட்க யார் இருக்கிறார்கள்? அக்காவுக்கு எழுத்துத் தெரியாது. ஒரு வரியை மாற்றினால் ஒரு வாழ்க்கை தப்பும்.

தாலுகா ஆபீஸ் அருகில் வரும்வரை அதைச் செய்வதாகத்தான் இருந்தேன். பிறகு அந்தத் தலை வாரிய அத்தியாயம் ஞாபகத்துக்கு வந்தது. கனகம் சிக்கெடுத்த அன்றைக்குச் சாயங்காலம் எங்கள் வீட்டில் அக்கா எண்ணெய்க் கிண்ணத்தைத் தேடினாள். அதை எழுதினவர் ஒரு வார்த்தையும் யாரையும் ஏமாற்றி எழுதவில்லை. அவர் எழுத்தில் நான் கை வைப்பதா? அய்யா அக்காவுக்குப் பதிலாகப் பேசுகிறார். நான் கனகத்துக்குப் பதிலாகப் பேசினால் எனக்கும் அவருக்கும் சலவைச் சட்டைதான் வித்தியாசம்.

இருக்கிறபடி வாசிப்பது. பிறகு அக்காவோடு சண்டை போடுவது. அதுதான் முடிவு.

வீட்டுக்கு வந்தால், ராகு காலம் முழு ஆட்சி. அய்யா விசிறியால் வீசிக்கொண்டிருந்தார். மாமா கடிகாரத்தை வீசாத குறை. பொம்மையன் சுவரோடு சுவராக இருந்தான். வியாகுலம் அக்கா கிட்டங்கியில் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்து வாசற்படியில் உட்கார்ந்திருந்தாள். கனகத்துக்கு என்ன ஆச்சு, சிவனம்மாளுக்கு என்ன ஆச்சு, இரண்டையும் கேட்டுக்கொண்டு போய் மற்றவர்களிடம் சொல்ல வேண்டும்.

"கதை கேக்கலாம்ல? அதுக்கு ராகு காலம் உண்டா?" என்று அவள் பெருமாள்சாமி மாமாவையே கேட்டாள்.

அவர் யோசித்தார். "அது நல்ல காரியமும் இல்ல, கெட்ட காரியமும் இல்ல. வாசிக்கட்டும். சும்மா எம்புட்டு நேரம் ஈ ஓட்டுறது?"

நான் வாசித்தேன்.

முதல் பக்கத்தில் கனகம் அவனை உள்ளே வரச்சொல்லவில்லை. வாசலில் ஒரு பலகையைப் போட்டாள். அவன் உட்கார்ந்தான். ஒன்றும் பேசாமல் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தான்.

"பொறவு?" என்றார் பெருமாள்சாமி மாமா. கேட்டபிறகு, கேட்டோமே என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

இரண்டாம் பக்கம் இது:

'அவன் மன்னிப்புக் கேட்கவில்லை. கொழும்பில் பட்ட கஷ்டங்களை அடுக்கவில்லை. வெகு நேரம் கழித்து, "அம்மா போன ராத்திரி என்ன நடந்தது? சொல்லு கனகம், நான் கேட்கிறேன்" என்றான். அத்தனை வருஷத்தில் அவளை யாரும் கேட்காத கேள்வி அது. எப்படிச் செத்தாள் என்று கேட்டவர்கள் உண்டு. உனக்கு எப்படி இருந்தது என்று அந்த ஊரில் ஒருவரும் கேட்டதில்லை. கனகம் சொல்ல ஆரம்பித்தாள். விளக்கில் எண்ணெய் தீர்ந்தது. அவன் எழுந்து எண்ணெய் ஊற்றினான். அவள் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள்.'

என் குரலில் இருந்த கோபம் எங்கோ போய்விட்டது. பஸ் ஸ்டாண்டில் முடிவைத் தேடிப் புரட்டினவள் இந்தப் பக்கத்தைத் தாண்டியிருக்கிறேன். நன்றாக எழுதியிருந்தார். அந்த எண்ணெய் ஊற்றிய இடத்தை, யாரும் கேட்காமலே, இன்னொரு தரம் வாசித்தேன். கனகம் பஸ் ஏறியது இந்த ராத்திரிக்குப் பிறகுதான்.

கடைசி வரியை வாசித்தேன். மழை பெய்தது. புஸ்தகத்தை மூடினேன்.

வியாகுலம் அக்கா மூக்கை உறிஞ்சினாள். ஆத்தா கரண்டியும் கையுமாக நிலைப்படியில் நின்றிருந்தாள். அடுப்பில் எதுவோ அடிப்பிடிக்கும் வாசம்.

திடீரென்று பொம்மையன் எழுந்தான். தொண்டையைக் கனைத்தான்.

"சிவனம்மா. அன்னிக்கு ராத்திரி என்ன நடந்துச்சு? சொல்லு, நான் கேக்கறேன்."

வீடே அவனைப் பார்த்தது.

"ஏசுவே! இப்பத்தானப்பா அத வாசிச்சா!" என்றாள் வியாகுலம் அக்கா.

"ராகு காலத்துல வாயத் தொறக்காதடா!" என்றார் பெருமாள்சாமி மாமா.

அக்கா சிரித்தாள்.

ஐயையோ, அந்தச் சிரிப்பை நான் எப்படி எழுதுவேன்? முதலில் மூக்கு வழியாக வந்தது. பிறகு சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள், நிற்கவில்லை. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இரண்டு வருஷம் கழித்து என் அக்கா சிரித்தாள். பொம்மையன் கூடக் கோபப்படவில்லை. கையில் தேன்கூட்டோடு பிடிபட்டவன் மாதிரி நின்றான்.

"அது கொழும்புலருந்து வந்த ஆளு கேட்டது" என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "நீங்க நிலக்கோட்டையிலருந்து பஸ்ஸுல வந்தீங்கள்ல? டயரு வெடிச்சு ரோட்டுல நின்னீங்கள்ல? அம்புட்டு நேரமும் எங்கிட்ட என்ன கேக்கணும்னு நெனச்சுக்கிட்டு வந்தீங்க?"

அவன் தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தான்.

"ஒண்ணும் நெனக்கல. எங்கய்யா வான்னாரு. வந்தேன்."

"இது ஒங்க வார்த்தை" என்றாள் அக்கா. சிரிப்பு அடங்கிவிட்டது. "இதக் கேட்டதுக்கே எனக்கு ஒரு பாரம் எறங்கின மாதிரி இருக்கு. மாமா, நான் இன்னிக்கு வரல. வரவே மாட்டேன்னும் சொல்லல."

"என்னத்தா பேச்சு இது? கதையில அந்தப் புள்ள போயிருச்சுல்ல?"

"அவ போகலாம் மாமா. அவளுக்கு எத்தன வாரம் எழுதியிருக்காங்க! எனக்கு மொத வாரமே இன்னும் முடியல."

நான் அவளோடு போடத் தயாராக வைத்திருந்த சண்டை முழுவதும் என் கையிலேயே தங்கிவிட்டது. கனகம் செய்ததைச் செய்வாள் என்று பயந்தேனே! கனகம் எவ்வளவு நாள் எடுத்துக்கொண்டாள் என்பதை அல்லவா அவள் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவள் புருஷன் பக்கம் திரும்பினாள். "வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை வாங்க. இதே எடத்துல ஒக்காருங்க. அடுத்த வாரம் அடுத்த வீட்டுக் கதை ஆரம்பிக்கும், கேளுங்க. ஒங்களுக்குன்னு ஒரு கேள்வி வர்ற அன்னிக்கு அதக் கேளுங்க. அன்னிக்கு நான் சொல்றேன், அந்த ராத்திரி என்ன நடந்துச்சுன்னு."

"வெள்ளிக்கிழமையா!" பெருமாள்சாமி மாமா தாம்பாளத்தைத் தட்டினார். "வெள்ளிக்கிழமதான் பூவுக்குக் கிராக்கி. தோட்டத்த விட்டுப்புட்டு இவன் இங்க வந்து கதை கேக்கறதா? ஊரு சிரிக்கும்!"

"போன தடவ ஊரு அழுதுச்சு மாமா. என்னத்தக் கண்டேன்?"

அய்யா எழுந்தார். வெடிக்கப்போகிறார் என்று நான் அக்காவின் பக்கத்தில் போய் நின்றுகொண்டேன். அவர் விசிறியைக் கீழே வைத்தார். மகள் சிரித்த முகத்தை இன்னும் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சம்மந்தி, ராகு காலத்துல பேசுனது செல்லாது. பன்னெண்டு அடிக்கட்டும். திரும்பக் கேப்போம்."

பன்னிரண்டு அடித்தது. அய்யா முறைப்படி, "ஏத்தா சிவனம்மா, என்ன சொல்ற?" என்று கேட்டார். பிறந்ததிலிருந்து அவளிடம் அவர் கேட்ட முதல் கேள்வி என்று நினைக்கிறேன்.

அக்கா முன்னால் சொன்னதையே ஒரு சொல் மாறாமல் சொன்னாள்.

"கேட்டுக்கிட்டீங்கள்ல சம்மந்தி?" என்றார் அய்யா. "இப்ப செல்லும்."

பெருமாள்சாமி மாமா கை நனைக்காமல் எழுந்துவிட்டார். ஆத்தா பாயசத்தைப் பார்த்து அழுதாள். மாமா வாசலில் இறங்கி, திரும்பிப் பார்க்காமல் தெருவில் நடந்தார். தாம்பாளம் மட்டும் அங்கேயே இருந்தது. எடுக்க மறந்தாரா, வேண்டுமென்றே விட்டாரா, தெரியாது. மல்லிகை வெக்கையில் வாடிக்கொண்டிருந்தது.

பொம்மையன் அப்பனுக்குப் பின்னால் போனான். தெரு முனைவரை போனவன் திரும்பி வந்தான். துண்டை மறந்துவிட்டானோ என்று பார்த்தேன். துண்டு தோளில்தான் இருந்தது.

படி ஏறவில்லை. வெயிலில் நின்றுகொண்டே சொன்னான்.

"அன்னிக்கு நான் மருதைக்குப் போகல."

அக்கா நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"பூ வண்டி போச்சு. நான் அதுல ஏறல. புள்ளைக்குக் காய்ச்சல்னு எனக்கு அன்னிக்கு ராத்திரியே தாக்கல் வந்துருச்சு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிற்று. "அப்பன்னா எங்க இருந்தீங்க மச்சான்? தெரிஞ்சும் வரலையா? தெரிஞ்சுக்கிட்டா அவளப் பாத்து அந்த வார்த்தை..."

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடி இரும்பு மாதிரி இருந்தது. காம்பு கிழிக்கிற கை.

"ஏலே பொம்மா! பஸ்ஸு!" என்று தெருமுனையில் பெருமாள்சாமி மாமா கத்தினார்.

பொம்மையன் போகவில்லை. அவளைப் பார்த்துக்கொண்டு நின்றான். வந்ததிலிருந்து அவன் அவள் முகத்தைப் பார்த்தது அப்போதுதான். சொல்ல வேண்டியது இன்னும் இருந்தது, வரவில்லை.

அக்கா என் மணிக்கட்டை விட்டாள். ஓடிப் போய் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கி மிச்சத்தையும் கேட்டுவிடுவாள் என்று நினைத்தேன். நானாக இருந்தால் செய்திருப்பேன்.

"ஒங்களுக்கு இன்னிக்கு இம்புட்டுத்தான் முடியும்" என்றாள். "எனக்கும் இம்புட்டுத்தான் தாங்கும். போங்க. மிச்சத்த வெள்ளிக்கிழமை வந்து சொல்லுங்க."

அவன் தலையை ஆட்டினான். போனான்.

"ஏன்க்கா விட்ட? கேட்டுருக்கலாம்ல? வரலைன்னா? அவங்க அப்பன் விடலைன்னா?"

அவள் உள்ளே போனாள். வந்தவர்களுக்காக நறுக்கி வைத்திருந்த இலைகளில் ஒன்றை எடுத்துப் போட்டு, தண்ணீர் தெளித்தாள்.

"ஆத்தா, சோறு போடு."

மூன்று வெஞ்சனமும் வைத்துக்கொண்டாள். பருப்பை ஊற்றிப் பிசைந்தாள். ஒவ்வொரு வாயும் இறங்கியது. அடிப்பிடித்த பாயசத்தை இரண்டாம் தடவை கேட்டு வாங்கினாள். ஆத்தா மூக்கைச் சிந்திக்கொண்டே ஊற்றினாள். வியாகுலம் அக்கா படியிலிருந்து எழுந்து ஓடினாள், கிட்டங்கிக்கு.

"மூக்கு" என்றாள் அக்கா, இலையைப் பார்த்துக்கொண்டே. "அந்தக் கடேசி வரி. கனகம் பஸ் ஏறுனப்ப மழை பேஞ்சுதுன்னியே, ஜன்னலோரத்துலயா ஒக்காந்தா?"

நான் புஸ்தகத்தை எடுத்துப் பார்த்தேன். "ஆமாக்கா. ஜன்னலோரம்."

"நனைஞ்சிருப்பா" என்றாள் அக்கா. "நனையட்டும்."

எனக்குத்தான் ஒரு வாய் இறங்கவில்லை. அன்றைக்கு ராத்திரி அந்த மனுஷன் எங்கே இருந்தான்?